ஒன்றும் வராத நாளின் மெயில்

ஓய்வு பெற்றவர் எழுதும் கட்டுரை என்றால் எழுதுகிறவருக்கு அறுபது வயதாவது இருக்க வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் நான் பார்த்த வேலை போன மாதத்தோடு இல்லாமல் போய்விட்டது. காலைச் செய்தித் தொகுப்புகளை இப்போது கொம்பியூட்டரே தயாரித்து அனுப்புகிறது. நான் நுகேகொடைப் பக்கம் வேறு வேலைக்குப் போகிறேன். பழைய ஒபிஸில் சிஸ்டத்தைக் கவனிக்க இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் தர்ஷினி என்ற பிள்ளை போன வாரம் வட்ஸ்அப்பில் கேட்டாள்.

"அண்ணா, எல்லாத்தையும் சிஸ்டமே அனுப்புது. இருநூற்றிப் பதினாலாம் இலக்கத்துக்கு மட்டும் ஒராள் இருந்து பார்த்து, கையால டைப் பண்ணி அனுப்பச் சொல்லி எழுதி வச்சிருக்கீங்க. அதுவும் 'ஒன்றும் இல்லை' எண்டு சொல்லுறதுக்கு. அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறன். ஆனா ஏன் எண்டு சொல்லுங்கோ."

நாலு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். நாலு வரியில் அடங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அம்மா கொட்டாஞ்சேனையில் இரண்டு வீட்டில் சமையல். கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் எங்கள் வரிசைக் குடியிருப்பில் கரண்ட் பில்லில் இருந்து கிளினிக் கார்ட் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். "வாசிச்சுச் சொல்லுடா" என்று நீட்டுவார்கள். நான் வாசிக்கும்போது அவர்கள் தாளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பார்கள். என் முகம் கொஞ்சம் சுருங்கினால் அவர்களுக்கு நெஞ்சு பதறும். அதனால் சின்ன வயதிலேயே முகத்தை ஆடாமல் வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகிவிட்டேன். உயர்தரம் முடித்து, ஒரு கொம்பியூட்டர் கோர்ஸை அரைகுறையாக முடித்து, இருபத்தொரு வயதில் வெள்ளவத்தையில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதம் பின்னால் நின்று பார்த்தேன், பிறகு கதிரையில் உட்கார வைத்தார்கள்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒபிஸ். ஜன்னல் கண்ணாடியில் எப்போதும் உப்பு படிந்திருக்கும். ரயில் போகும்போது மேசை அதிரும், திரையில் எழுத்துகள் நடுங்கும். காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும்.

வேலை இதுதான். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் சந்தாக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். ஒவ்வொருவரும் சில சொற்களைத் தந்திருப்பார்கள். ஒருவருக்குத் தன் ஊரின் பெயர், ஒருவருக்குத் தேயிலை விலை, இன்னொருவருக்குப் பல்கலைக்கழக அனுமதி. பெரிய பத்திரிகைகளின் தளங்கள், தனியாள் நடத்தும் சின்னச் சின்னத் தளங்கள் எல்லாவற்றின் ஃபீட்களும், அதாவது அவை புதிதாகப் போடும் செய்திகளின் வரிசையும், எங்களுக்கு வந்து விழும். அந்தந்தச் சொல் உள்ள செய்திகளைச் சிஸ்டம் பிடித்து அந்தந்த இலக்கத்தின் கீழ் போடும். ஒரே செய்தியைப் பத்துத் தளங்கள் நகல் எடுத்துப் போட்டிருந்தால் ஒன்பதைத் தள்ளி, ஒன்றை வாசித்து, இரண்டு வரியில் சுருக்கி, ஆறரைக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும்.

எங்களுக்கு மேலே தவமலர் மிஸ். பத்திரிகை ஒன்றில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர். மவுஸைத் தொடமாட்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி அதன் காலால் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார். தட்டுவது நின்றால் ஏதோ பிழை என்று அர்த்தம். ஒவ்வொரு தொகுப்பையும் அனுப்ப முன் சத்தமாக வாசிக்கச் சொல்லுவார்.

"தம்பி, பாத்தனீரா?"

"ஓம் மிஸ்."

"முழுக்கப் பாத்தனீரா, தலைப்பை மட்டும் பாத்தனீரா?"

இரண்டாவது கேள்விக்கு அவசரமாக 'ஓம்' சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். இந்த 'ஓம்' என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அம்மா சிரிப்பார். "ஆமான்னு சொன்னா வாய் வலிக்குமா? ஐயா வெள்ளவத்தைக்காரராகிட்டாரு!"

மிஸ்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது, வேறெந்த ஒபிஸிலும் இருந்திருக்காது. ஒரு சந்தாக்காரரின் சொல்லுக்கு அன்றைக்குச் செய்தியே வராவிட்டாலும் அவருக்கு மெயில் போக வேண்டும். அதில் இரண்டு வரி. 'இன்று உங்கள் சொற்களுக்குச் செய்தி எதுவும் இல்லை. பார்த்தோம்.' அதன் கீழே பார்த்தவரின் பெயர்.

சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மெயிலா மிஸ்?"

கண்ணாடிக்கால் தட்டுவது நின்றது. "கதவைத் தட்டுறவைக்கு உள்ளுக்கிருந்து 'ஒருத்தரும் இல்லை' எண்டு சொல்லவும் ஒராள் இருக்க வேணும், தம்பி."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து வரும் குரலை நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஒரு காலை. வெளியே நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபீட்டில் களனி கங்கை பெருகுகிறது, தாழ்நிலத்தில் இருப்போர் வெளியேறவும் என்று வந்தது. தொடர்ந்து, எப்போதோ முடிந்துபோன தேர்தலுக்கு வேட்புமனு, மூடிப்போன தியேட்டரில் புதுப்படம். அதற்குக் கீழே ஒரு மரண அறிவித்தல்: எங்கள் பாடசாலை அதிபரின் நல்லடக்கம் நாளை மாலை நான்கு மணிக்கு. எல்லாவற்றிலும் அன்றைய திகதி.

அந்த அதிபரின் இறுதி ஊர்வலத்தில் நான் வெள்ளைச் சீருடையோடு நடந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. அவர் மறுபடி நாளைக்கு அடக்கமாகப் போகிறார் என்று திரை சொல்கிறது. என் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

மிஸ் பின்னால் வந்து பார்த்தார். "உந்தத் தளம் சேர்வர் மாத்தியிருக்கு. வீடு மாறேக்கை பழைய பெட்டியெல்லாம் வாசலிலை இறங்கும்தானே, அப்பிடி. செத்தவையும் திரும்ப ஒருக்கா இறங்குவினம். திகதியை நம்பாதையும்."

விளக்கம் விளங்கியது. பயம் போகவில்லை. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பாடசாலை வாசலைக் கடக்கும் நேரம் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இருநூற்றிப் பதினாலாம் இலக்கம்.

சந்தாக்காரர்கள் எல்லோரும் இணையத்தில் பதிவார்கள். ஒபிஸுக்கு நேரில் படியேறி வந்தவர் ஒரே ஒருவர்தான். ஸ்டெல்லா அக்கா. கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய கணவர் ஜெயராஜ் வெளிநாட்டுக்கென்று படகில் போனவர். ஆட்களை ஏற்றும் வான் ஒன்று வந்து அவரை வாசலில் ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை, சடலம் இல்லை. கூடப் போன ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறாள்.

அக்கா ஒரு கொப்பித்தாளை நீட்டினார். மூன்று சொல் எழுதியிருந்தது. படகு. கரையொதுங்கிய. அடையாளம் தெரியாத.

மிஸ் தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அவரின்ரை பெயரையும் போடுவம்" என்றார்.

"பேர் வேணாம் மிஸ். பேரோட ஒரு செய்தி வந்தா யாராவது ஓடிவந்து எனக்குச் சொல்லிடுவாங்க. பேர் இல்லாம வாறதைத்தான் நான் தேடணும்."

மிஸ் தாளை இரண்டாக மடித்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார்.

அந்த இலக்கத்தை என்னிடம் தந்தார்கள், நானும் கொட்டாஞ்சேனைக்காரன் என்பதால். ஒவ்வொரு காலையும் அந்த மூன்று சொல்லுக்கும் வந்தவற்றைப் பார்ப்பேன். 'படகு' என்றால் படகுப் போட்டி, படகுச் சவாரி என்று வரும். 'அடையாளம் தெரியாத' என்றால் மோட்டார் சைக்கிளில் வந்த கொள்ளைக்காரர்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, 'செய்தி எதுவும் இல்லை. பார்த்தோம்' என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்புவேன். இப்படி நாலு வருடம்.

எங்கள் சிஸ்டத்தில் ஒரு மெயில் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று காட்டும் பகுதி ஒன்று உண்டு. கம்பனிக்காரர்கள் ஒரு தடவை திறப்பார்கள். வெளிநாட்டுக்காரர்களில் பாதிப்பேர் திறப்பதே இல்லை. இருநூற்றிப் பதினாலுக்குப் போன அந்த இரண்டு வரி மெயில் காலையில் திறக்கப்படும், பத்து நிமிடத்தில் மறுபடி, மத்தியானம் மறுபடி, சாயங்காலம் மறுபடி. சில நாட்களில் முப்பது தடவை. ஒன்றுமே இல்லை என்று சொல்கிற மெயிலில் முப்பது தடவை பார்க்க என்ன இருக்கிறது? அந்த எண்ணைப் பார்க்கும்போது என் பிடரிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். பிறகு அந்தப் பகுதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மிஸ்ஸுக்குக் கண் ஒபரேஷன் வந்தது. ஒரு வாரம் ஒபிஸ் என் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மிஸ் போன அடுத்த நாளே பிரச்சினை வந்தது. ஒரே மாதிரியான மெயில்கள் தினமும் நிறையப் போவதால் எங்கள் முகவரியிலிருந்து வரும் எல்லாத் தொகுப்புகளும் சந்தாக்காரர்களின் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கின. பெரிய கம்பனி ஒன்றிலிருந்து கோபமாகப் போன் வந்தது. ஒரே மாதிரியான மெயில் எது? ஒன்றும் இல்லை என்ற மெயில்தான். மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். கண்ணில் கட்டோடு படுத்திருப்பவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். வெறும் மெயில் போகிற இலக்கங்களையெல்லாம் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தேன். ஒரு பட்டனை அழுத்துகிற வேலை. பிரச்சினை தீர்ந்தது. அன்று மத்தியானம் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

நிறுத்திய மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார்.

"தம்பி, வந்திருக்குதானே? குடுங்க."

"என்னக்கா வந்திருக்கு?"

"மூணு நாளா எனக்கு மெயில் இல்லை."

"அது வேற பிரச்சினைக்கா. மெயில் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போகுதுன்னு கொஞ்ச நாள் நிப்பாட்டினேன். ஒண்ணும் வரலை."

அவர் என் முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலப் பேசினார். "ஒண்ணும் வராட்டி ஒண்ணும் வரலைன்னு எழுதுவீங்க. நாலு வருசமா ஒரு நாள் தவறலை. இப்ப எழுதலை. அப்போ வந்திருக்கு. உங்களுக்குச் சொல்ல மனசு வரலை. நான் கோவிச்சுக்க மாட்டேன் தம்பி. குடுங்க."

"சத்தியமா இல்லைக்கா!"

"மகளுக்குச் சொல்லிட்டேன். ரெண்டு நாளா அவ பள்ளிக்கூடம் போகலை. கோயில்லயும் எழுதிக் குடுத்திட்டேன்."

கோயில் என்று அவர் சொன்னது அவர்களின் மாதா கோயிலை. அங்கே பூசையில் பெயர் வாசிக்க ஒரு புத்தகம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நோயாளிகளுக்கு ஒரு பகுதி, பிரயாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பகுதி, மரித்தவர்களுக்கு ஒரு பகுதி. இத்தனை வருடமும் ஜெயராஜின் பெயர் பிரயாணிகள் பகுதியில் இருந்தது. நேற்று அக்கா போய் அதை அடித்துவிட்டு, மரித்தவர்களின் பகுதியில் எழுதச் செய்திருக்கிறார். சனிக்கிழமைப் பூசையில் வாசிப்பார்கள். அன்று வெள்ளி.

"அதுக்கு முன்ன நான் பார்க்கணும். வாசிச்சா முடிஞ்சுது தம்பி. எங்க ரோட்டே கேட்டிடும். வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கும். அவர் தம்பிமார் வந்து போட்டோவுக்கு மாலை போட்டிடுவாங்க. அதுக்குப் பிறகு அவர் வந்தாலும் எங்க வாறது?"

நான் பயந்துபோனேன். நான் அழுத்திய ஒரு பட்டன் ஒரு மனிதனைச் சாகடித்திருக்கிறது, நாளைக்கு அது ஊருக்கு வாசிக்கப்படப் போகிறது. அக்காவை நம்ப வைக்க ஒரே வழிதான். "இருங்கக்கா, இப்பவே உங்க கண் முன்னால பார்க்கிறேன்" என்று இருநூற்றிப் பதினாலைத் திறந்தேன். திரை என் பக்கம் இருந்தது. அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் நான் செய்த பிழை எனக்கே விளங்கியது. மெயிலை மட்டும் நிறுத்தியதாக நினைத்தேன். மெயில் நின்றதால் அந்த இலக்கத்தை நாங்கள் பார்ப்பதும் நின்றிருந்தது. சிஸ்டம் பிடித்ததையெல்லாம் ஒரு மூலையில் போட்டுவைத்திருந்தது. மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லை.

அந்த மூலையில் ஒரு செய்தி கிடந்தது.

தலைப்பு: கரையொதுங்கிய நீல நிறப் படகு. அதன் கீழே: 'கடற்கரையில் நேற்று அதிகாலை நீல நிறப் படகொன்று கரையொதுங்கியுள்ளது. படகினுள் இலங்கையர் எனக் கருதப்படும், அடையாளம் தெரியாத ஆண் ஒருவர்…'

அவ்வளவுதான். மூன்று புள்ளி. சின்னத் தளங்கள் ஃபீட்டில் முழுச் செய்தியையும் தருவதில்லை. மிச்சத்தை வாசிக்க ஆட்கள் தங்கள் பக்கத்துக்கு வரவேண்டும் என்று பாதியில் வெட்டிவிடும். திகதி முந்தைய நாள். பக்கத்தை அழுத்தினேன். 'இப்பக்கம் இல்லை' என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். இல்லை.

நாலு வருடத்தில் மூன்று சொல்லும் ஒரே செய்தியில் வந்தது அதுதான் முதல் தடவை.

கடல் பக்கம் ரயில் வந்தது. மேசை அதிர்ந்தது, அந்த மூன்று புள்ளியும் திரையில் நடுங்கின. ரயில் போய் முடியும்வரை யாரும் பேச முடியாது. அந்த நேரம் முழுக்க நான் யோசித்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் எழுந்து போய்ப் பெயரை மாற்றிவிடுவார். மகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவாள். முகத்தை ஆடாமல் வைக்க எனக்குத் தெரியும்.

ரயில் போய்விட்டது.

"பார்த்திட்டீங்க" என்றார் அக்கா.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் உதடு அசைய மெதுவாக வாசித்தார். புள்ளிகள் வரை வந்து நின்றார். விரலை அவற்றின் மேல் வைத்து, தூசியைத் துடைப்பதுபோல இழுத்துப் பார்த்தார். "மிச்சம் எங்க தம்பி?"

"மிச்சம் இல்லைக்கா. பக்கத்தை எடுத்திட்டாங்க."

"மூணு சொல்லும் இருக்கு."

"இருக்குக்கா."

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தால் ஏசவில்லை. பிறகு, "அந்தத் தளக்காரருக்கு எடும். என்னை லைனிலை வையும்" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். தளத்தை நடத்தியவர் புத்தளம் பக்கத்து ஆள். நல்ல மனிதர். "மிஸ், நான் நேத்து சேர்வர் மாத்தினது. பழசெல்லாம் திரும்ப ஃபீட்ல வந்திட்டு, கனபேர் ஏசுறாங்க. இது நான் புதுசாப் போட்டதில்ல. பழைய ஒண்டு."

"எப்ப போட்டது?" என்று கேட்டார் மிஸ்.

"எட்டு வருசமா, ஒம்பது வருசமா... அந்தக் காலம். இன்னொரு தளத்தில வந்ததப் பார்த்துப் போட்டது. அந்தத் தளமும் இப்ப இல்ல. எந்த நாட்டுக் கடற்கர எண்டும் எனக்கு ஞாபகமில்ல. மாத்தக்குள்ள கொஞ்சம் அழிஞ்சு போச்சு. அல்லாவே, யாருக்கும் வேண்டிய ஆளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். ஜெயராஜ் போனது எட்டு வருடத்துக்கு முன்னால். எட்டு என்றால் அவராக இருக்கலாம். ஒன்பது என்றால் அவர் கொட்டாஞ்சேனை வீட்டில் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலம்.

"அந்த ஆள் உயிரோட இருந்தாரா?" என்று அக்கா போனைப் பார்த்துக் கேட்டார்.

மறுபக்கத்தில் குரல் தாழ்ந்தது. "எனக்குத் தெரியா ராத்தா. சத்தியமாத் தெரியா."

அவர் போனை வைத்த பிறகு, லைனில் இருந்த மிஸ் என்னிடம் சொன்னார். "பிள்ளைக்கு மெயில் அனுப்பும். வந்ததை வந்தபடி அனுப்பும், மூண்டு புள்ளியையும் சேர்த்து. திகதி நம்பேலாது எண்டு எழுதும். நீர் முடிச்சு எழுதாதையும், தம்பி. ஒரு சொல்லும் கூட்டாதையும்."

எழுதினேன். என் வேலைக்காலத்தில் ஒரு மெயிலுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது அன்றுதான். கடைசியில் 'பார்த்தோம்' என்று எழுத விரல் வரவில்லை. மூன்று நாள் பார்க்காமல் விட்டவன் நான். 'மூன்று நாள் பார்க்கவில்லை. இன்று பார்த்தோம்' என்று எழுதி, பெயரைப் போட்டு அனுப்பினேன். என் முன்னால் இருந்த அக்காவின் கைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் ஏற்கெனவே வாசித்ததுதான். இருந்தும் முழுதாக வாசித்தார்.

பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தார். "கோயில் ஒபிஸ் பன்னிரண்டரைக்குப் பூட்டிடுவாங்க. வாங்க தம்பி."

ஏன் நானும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். வெள்ளைச் சேலையைப் பார்த்து, பஸ் கொண்டக்டர் அவரிடம் குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் பேசினார். மரதானை தாண்டிய பிறகு, நாலு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அந்த மெயில்ல ரெண்டு வரிதானே. ஏன் அத்தனை தடவை திறந்து பார்க்கிறீங்க?"

நான் அதை எண்ணியிருக்கிறேன் என்பதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. "மாறியிருக்குமோன்னு பார்க்கிறது."

"அனுப்பின மெயில் மாறாதுக்கா."

"மாறாதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

மெஷினில் ஊசியை ஓட்டும்போது பக்கத்தில் போனை வைத்துக்கொள்வாராம். ஒரு கை தைத்து முடிய ஒரு தடவை, காலர் வைத்து முடிய ஒரு தடவை. சில நாட்களில் 'இல்லை' என்ற சொல் கொஞ்சம் மங்கியிருப்பதுபோலத் தெரியுமாம். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பழையபடி இருக்குமாம். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு, வெயில் அடிக்கும் ஜன்னலோரத்தில், கை மயிர் எழும்பியது.

நாங்கள் போனபோது கோயில் ஒபிஸில் சேவியர் மாஸ்டர் மட்டும் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்து, இந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பெரிய புத்தகம். அடிமட்டத்தை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"மாஸ்டர், நேற்று எழுதின பேரை வெட்டணும்."

"நேற்றுத்தானேம்மா எழுதினோம். அழுதுகொண்டு வந்தீங்க." அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன, மனுசன் திரும்பி வந்திட்டாரா?" பகிடியாகத் தொடங்கியவர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்க."

"செத்திட்டார்னு தெரியாது."

"அப்போ உயிரோட இருக்கிறார்னு செய்தி வந்ததா?"

"அதுவும் தெரியாது."

"ஏதாவது ஒரு பக்கத்தில எழுதத்தானேம்மா வேணும்."

அக்கா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான் பார்க்கிறவர். அவரைக் கேளுங்க."

மாஸ்டர் பேனாவோடு என் பக்கம் திரும்பினார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தாள்களை வாசித்துச் சொல்லியிருக்கிறேன். எழுதியிருந்ததைச் சொல்வதுதான் அந்த வேலை. எழுதாததை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மிஸ்ஸின் குரல் காதில் கேட்டது, ஒரு சொல்லும் கூட்டாதையும் என்று.

"நாங்க பார்த்த அளவுக்கு ஒண்ணும் முடிவாத் தெரியலை ஐயா" என்றேன். "முந்தி எங்க இருந்ததோ அங்கேயே எழுதுங்க."

அவர் மரித்தவர்களின் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து, ஜெயராஜின் பெயர் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். பிறகு பிரயாணிகளின் பக்கத்தைத் திருப்பிப் பெயரை எழுதினார்.

"எவ்வளவு காலத்துக்கு? வழமைபோல ஒரு வருசத்துக்குத்தானே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி எவ்வளவு நாள் அந்த வேலையில இருப்பீங்க?"

இந்தக் கேள்வியை மிஸ்கூட என்னிடம் கேட்டதில்லை. பொய் சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டேன். "தெரியாதுக்கா."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"நாளைக்குக் காலையில இருப்பேன்."

"பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

"முழுக்க?"

"முழுக்கப் பார்ப்பேன்."

அவர் மாஸ்டரிடம் திரும்பினார். "நாளைக்கு மட்டும் எழுதுங்க."

"ஒரு நாளுக்கா? ஒரு நாளுக்கு யாரும் எழுதிறதில்லையேம்மா."

"நாளைக்குத் தம்பியோட மெயில் வந்ததும் நான் வந்து அடுத்த நாளுக்கு எழுதித் தாறேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பெயருக்கு நேரே ஒரேயொரு திகதியைப் போட்டார். மை காயட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அடிமட்டத்தை எடுத்து, கீழே இருந்த வெறும் கோட்டின் மேல் வைத்து, அப்படியே புத்தகத்தை மூடினார்.